நகர அரங்கு என்றால் என்ன? ஒரு கூத்துக் கொப்பியை வைத்து ஒரு விளக்கம்

பக்கத்து வீட்டுப் பிள்ளை உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் படிக்கிறாள். போன மாதம் ஒரு பின்னேரம் கொப்பியும் கையுமாக வந்து நின்றாள்.

"மாமா, நகர அரங்கு எண்டு ஒரு சொல்லு வருது. அது என்ன? எங்கட தேவநாயகம் மண்டபம் மாதிரியா?"

"அது மண்டபம் மகள். இது அரங்கு."

"ரெண்டும் ஒண்டுதானே?"

மட்டக்களப்பில் பலர் அப்படித்தான் நினைக்கிறோம், அவளைக் குறை சொல்ல முடியாது. அதனால் முதலில் ஒரு கதை சொன்னேன். பல வருசத்துக்கு முன் நாங்கள் சில பேர் சேர்ந்து ஒரு நாடகம் போட்டோம். எந்த மண்டபம் என்பது வேண்டாம். கூலியைக் கட்டினோம், நாலு மணிக்குக் காவலாளி திறப்பைக் கையில் தந்துவிட்டுப் போய்விட்டார். மேடையில் முதல் நாள் கல்யாணத்தின் மணவறைச் சோடனை அப்படியே நின்றது. எட்டு மின்குமிழில் மூன்றுதான் எரிந்தது. திரையை இழுத்தால் பாதியில் சிக்கியது. எங்கள் ஆட்களில் ஒருவர் ஏணி தேடி ஓடினார், இன்னொருவர் லைட் வாடகைக்குக் கேட்டு ஓடினார். எப்படியோ நாடகம் நடந்தது. இரவு பத்தரைக்குக் கூட்டித் துடைத்துத் திறப்பைத் திருப்பிக் கொடுத்தோம். அடுத்த நாள் காலையில் அந்தக் கட்டடத்தில் ஒரு நாடகம் நடந்ததற்கு எந்த அடையாளமும் இல்லை. அன்று மத்தியானம் ஏதோ சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம்.

மண்டபத்தில் திறப்புத் தருவார்கள். நகர அரங்கில் உள்ளே ஆட்கள் இருப்பார்கள். நடிகர், நெறியாளர், உடுப்புத் தைப்பவர், ஒளி பார்ப்பவர், தச்சர், டிக்கட் கிழிப்பவர் எல்லோரும் சம்பளத்துக்கு, வருசம் முழுவதும் வேலை செய்வார்கள். இந்த வருசம் என்னென்ன நாடகம், எந்த மாதம், யாருக்காக என்று முன்கூட்டியே நிரல் போட்டிருப்பார்கள். செலவின் பெரும்பகுதியை நகரமும் அரசும் பொதுப் பணத்திலிருந்து கொடுக்கும். அதற்குப் பதிலாக அந்த அரங்குக்குச் சில கடமைகள் எழுத்தில் இருக்கும். கட்டடம் இதற்கெல்லாம் பிறகுதான். நல்ல கட்டடம் இருந்தும் நகர அரங்கு இல்லாத ஊர்கள் உண்டு, பழைய சினிமாக் கொட்டகைக்குள் அருமையான நகர அரங்கு நடந்த ஊரும் உண்டு. அந்த ஊருக்குப் பிறகு வருகிறேன்.

"பொதுப் பணத்தில நாடகமா?" என்று புருவத்தைத் தூக்கினாள். அலுமாரியைத் திறந்து அம்மப்பாவின் கொப்பியை எடுத்துக் கொடுத்தேன்.

அது ஒரு சீ.ஆர். கொப்பி. மட்டை போய்விட்டது, ஓரமெல்லாம் பூச்சி அரித்த ஓட்டை. 1970களில் எங்கள் ஊரில் போட்ட ஒரு வடமோடிக் கூத்தின், அதாவது எங்கள் பக்கத்துக் கூத்து வகைகளில் ஒன்றின், கணக்கு அதில் இருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் ஒரு வீட்டுப் பெயர், எதிரில் கொடுத்தது. நெல் 2 மரைக்கால். தேங்காய் 20. காசு ரூபா 15. பெற்றோமக்ஸ் 1, மண்ணெண்ணெய் அவங்கட. சாறி 2, திருப்பிக் கொடுக்க வேணும். ஒரு வீட்டுக்கு எதிரில் பொருள் ஒன்றுமில்லை, "ஆள் 1, களரிக்கு மண் போட" என்று மட்டும் எழுதியிருக்கிறது. களரி என்பது கூத்தாடும் இடம்.

கூத்து ஒரு இரவில் முளைப்பதில்லை என்பது நம் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். வெள்ளாமை வெட்டி முடிந்து கையில் கொஞ்சம் காசும் நேரமும் இருக்கிற காலத்தில் ஊர்ப் பெரியவர்கள் கூடுவார்கள். வெற்றிலை வைத்து அண்ணாவியாரை, அதாவது கூத்துப் பழக்கும் ஆசானை, கூப்பிடுவார்கள். யாருக்கு எந்தப் பாத்திரம் என்று தீர்மானித்துச் சட்டம் கொடுப்பார்கள், அதாவது அவரவர் பாட்டையும் வசனத்தையும் எழுதிக் கையில் கொடுப்பது. பிறகு இரவிரவாகப் பழக்கம். ஆட்டம் ஓரளவு பிடிபட்டதும் சதங்கை அணியும் விழா, அதற்குப் பிறகு அடுக்குப் பார்த்தல் என்ற ஒத்திகை, கடைசியில் அரங்கேற்றம். மண்ணைக் கூட்டி உயர்த்தி வட்டக்களரி கட்டி, சுற்றிக் கம்பு நட்டு, மேலே வெள்ளை கட்டுவார்கள். மத்தளமும் சல்லாரியும் தொடங்கினால் விடியும் வரைக்கும் நிற்காது. அண்ணாவியாருக்குச் சம்பளமும் வேட்டி சால்வையும் உண்டு. பார்க்க வருகிறவருக்கு டிக்கட் இல்லை. பாய் கொண்டுவந்தால் போதும், பாய் இல்லாதவர் மணலில் இருக்கலாம்.

பார்ப்பவன் காசு கட்டவில்லை, ஊரே முன்கூட்டிக் கட்டிவிட்டது. பொது நிதியில் நடக்கும் அரங்கின் அடிக்கணக்கு இதுதான். அம்மப்பா நெல்லில் எழுதியதை ஒரு மாநகரசபை சோலைவரியில், அதாவது வீடு வளவுக்குக் கட்டும் வரியில், எழுதும்.

சரி, வெளியூர்க் கதைக்கு வருவோம். இந்த வழக்கத்துக்கு வயசு அதிகம். கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஏதென்ஸில் டயோனிசஸ் தெய்வத்தின் திருவிழாவில் நாடகப் போட்டி நடக்கும். பாடி ஆடும் குழுவுக்குப் பழக்கம், உடுப்பு, சாப்பாடு எல்லாவற்றுக்கும் யார் செலவு செய்வது என்று நகரம் பணக்காரர்களில் ஆள் பிடிக்கும். போர்க்கப்பலுக்குப் பணம் கட்டுவது எப்படி ஒரு பணக்காரக் குடிமகனின் கடமையோ, நாடகக் குழுவைத் தாங்குவதும் அப்படி ஒரு கடமை. பிற்காலத்தில் ஏழைகளும் நாடகம் பார்க்க வேண்டும் என்று நுழைவுக் காசாக இரண்டு ஓபோல் கொடுக்க நகரத்தில் தனி நிதியே இருந்தது. பார்ப்பதற்கு அரசு காசு கொடுத்திருக்கிறது! இதை முதன்முதல் வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் பொறாமையும்தான்.

அதற்குப் பிறகு நீண்ட காலம் ஐரோப்பாவில் அரங்கைத் தாங்கியவர்களில் ராசாக்கள் முக்கியமானவர்கள். பிரான்சில் 14ஆம் லூயி 1680இல் பாரிஸ் நடிகர்களை ஒன்றுசேர்த்து உருவாக்கிய கொமெடி பிரான்சேஸ் இன்றைக்கும் நடக்கிறது. வியன்னாவில் பேரரசர் இரண்டாம் யோசப் 1776இல் அரண்மனை அரங்கைத் தேசிய அரங்கு என்று அறிவித்தார். ஹம்பேர்க்கில் மட்டும் கதை வேறு. அங்கே 1767இல் வியாபாரிகள் சேர்ந்து ஒரு தேசிய அரங்கைத் தொடங்கினார்கள். லெசிங் என்ற பெரிய எழுத்தாளரே அங்கே இருந்து விமர்சனம் எழுதினார். இரண்டு வருசத்தில் பூட்டிவிட்டார்கள். டிக்கட் காசை நம்பி நடத்த முடியவில்லை.

ஜேர்மனி அன்று ஒரே நாடாக இருக்கவில்லை. சின்னச் சின்ன ராச்சியங்கள், ஒவ்வொரு கோமகனுக்கும் கௌரவத்துக்கு ஒரு அரங்கு. 1918இல் முடியாட்சி போனதும் அந்த அரங்குகளை மாநிலங்களும் நகரங்களும் பொறுப்பெடுத்தன. இன்றைக்கு அங்கே ஏறத்தாழ 140 பொது அரங்குகள் இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். நம்முடைய களுவாஞ்சிக்குடி, ஏறாவூர் அளவிலிருந்து கொஞ்சம் பெரிதான பட்டினங்களில்கூட நிரந்தர நடிகர் குழு இருக்கிறது. அவற்றின் மொத்த வரவில் டிக்கட்டும் மற்ற வருமானமும் சேர்ந்து ஐந்தில் ஒரு பங்கு அளவுதான், மிச்சம் பொதுப் பணம்.

இப்போது அந்தச் சினிமாக் கொட்டகை. இத்தாலியின் மிலான் நகரம், 1947. குண்டு விழுந்து பாதி நகரம் இடிந்து கிடந்தது. ரொவெல்லோ தெருவில் ஒரு சின்னக் கொட்டகை. யுத்த காலத்தில் பாசிசப் படைப்பிரிவு ஒன்று ஆட்களைப் பிடித்துவந்து வதைத்த இடம் அது. பாவுலோ கிராசி, ஜோர்ஜியோ ஸ்ட்ரேலர் என்ற இரண்டு இளைஞர்கள் மாநகரசபையிடம் போய் அந்த இடத்தை அரங்குக்குக் கேட்டார்கள். வீடு கட்டவே காசில்லாத நேரம். சபை கொடுத்தது. "எல்லோருக்குமான கலை அரங்கு" என்று அறிவித்து மே 14ஆம் தேதி திறந்தார்கள். முதல் நாடகம் மாக்சிம் கார்க்கி எழுதியது, ஒரு ஏழைகள் விடுதியில் முடங்கிக் கிடக்கும் மனிதர்களைப் பற்றியது. திறப்பு விழாவென்றால் எல்லோரும் சந்தோசமான நாடகம் போடுவார்கள், இவர்கள் அதைத் தெரிந்தெடுத்தார்கள். பிக்கொலோ என்று பெயர், "சின்னது" என்று அர்த்தம். இத்தாலியில் நகரத்தின் பொதுப் பணத்தில் நிரந்தரமாக நடந்த முதல் நாடக அரங்கு அதுதான். அதே வருசம் தொடங்கிய ஒரு பழைய நகைச்சுவை நாடகத்தைப் பல பத்து ஆண்டுகளாக ஆடிக்கொண்டே இருந்தார்கள். முதல் நடிகர் போட்ட முகமூடி வேடத்தை அடுத்தவர் எடுத்துப் பல பத்து வருசம் ஆடினார். அண்ணாவியாரிடம் ஆட்டம் வாங்கிய பரம்பரை மாதிரித்தான். ஒவ்வொரு முறையும் திறப்பு வாங்கித் திருப்பிக் கொடுக்கிற இடத்தில் இது நடக்குமா?

வதைமுகாமை அரங்காக்கிய கதையை நான் இங்கே சொன்னால் யாரும் விளக்கம் கேட்பதில்லை. முகாமாக இருந்து பிறகு பாடசாலையாகத் திரும்பிய கட்டடங்களில் படித்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

பிரான்சில் ஜோன் விலார் என்ற நெறியாளர் 1951இல் பாரிஸின் தேசிய மக்கள் அரங்கைப் பொறுப்பெடுத்தார். தண்ணீர், வாயு, மின்சாரம் மாதிரி அரங்கும் ஒரு பொதுச் சேவை என்பது அவருடைய வாதம். சும்மா மேடையில் சொல்லிவிட்டுப் போகவில்லை. தொழிலாளர்கள் கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று நாடகத்தை நேரத்தோடு தொடங்கினார். இருக்கை காட்டுபவருக்குக் கைக்காசு கொடுக்கும் வழக்கத்தை நிறுத்தினார். மேலங்கி வைக்கும் இடத்துக்கும் காசில்லை. நல்ல உடுப்பும் சில்லறையும் இல்லாதவன் வாசலிலேயே கூச்சப்பட்டுத் திரும்பிவிடுவான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு அரங்கின் நோக்கத்தை அதன் நோக்கக் கூற்றில் தேடுவதைவிட இப்படிச் சின்னச் சின்ன ஏற்பாட்டில் தேடுவது எனக்குப் பிடிக்கும். மட்டக்களப்பில் அதே வேலையைச் செய்ய நினைத்தால் கடைசி பஸ் நேரத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு முடியும் நாடகம் வாவிக்கு அப்பால் இருக்கிற வவுணதீவுக்காரனுக்கு இல்லை.

பிரித்தானியாவில் கொவென்ட்ரி நகரம் 1940 நவம்பரில் குண்டுவீச்சில் நொறுங்கியது. யுத்தம் முடிந்தபின் அந்த நாட்டில் புதிதாகக் கட்டிய முதல் நகர அரங்கு அங்கேதான், 1958இல் திறந்தது. யூகோஸ்லாவியாவின் பெல்கிரேட் நகரம் கட்டட வேலைக்கு மரம் அன்பளிப்பாக அனுப்பியது, அதனால் பெயரே பெல்கிரேட் அரங்கு. இந்த அரங்கைப் பற்றி அந்தப் பிள்ளைக்கு நான் முக்கியமாகச் சொன்னது 1965ஆம் ஆண்டைப் பற்றி. நடிகர்களே ஆசிரியர்களாகவும் பயிற்சி எடுத்து, பாடசாலைகளுக்குப் போய், நாடகத்துக்குள்ளே மாணவரையும் இழுத்துப் பாடம் நடத்தும் முறையை அவர்கள் அப்போது தொடங்கினார்கள். பிறகு அது உலகம் முழுவதும் பரவியது. நகரத்தின் காசில் சம்பளம் வாங்குகிற நிரந்தர ஆட்கள் இருந்ததால்தான் அது முடிந்தது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஆள் சேர்க்கிற குழுவால் ஒரு பாடசாலைக்கு ஒரு தவணை முழுவதும் போக முடியாது.

அப்புறம், ஏன் டிக்கட் காசில் நடத்த முடியாது என்ற கேள்வி. வில்லியம் பௌமோல், வில்லியம் போவென் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளியலாளர்கள் 1966இல் இதற்கு ஒரு விடை சொன்னார்கள். அவர்கள் மேற்கத்திய இசைக் குழுவை உதாரணம் காட்டினார்கள், நான் வயலைக் காட்டுகிறேன். முன்பு ஒரு ஏக்கர் வெள்ளாமை வெட்ட ஒரு கூட்டம் ஆட்கள் நாள் முழுவதும் குனிந்து நிற்க வேண்டும். இன்றைக்கு வெட்டு மெசின் வந்து சுருக்காக முடித்துவிட்டுப் போகிறது. ஆட்கள் குறைந்தும் விளைச்சல் குறையவில்லை, அதனால் வேலை செய்பவருக்குக் கூலியைக் கூட்டிக் கொடுக்க முடிகிறது. கர்ணனின் வரவு ஆட்டத்துக்கு மெசின் கிடையாது. அன்றைக்கு எத்தனை தாளக்கட்டோ இன்றைக்கும் அத்தனை. ஆனால் கர்ணன் ஆடுகிறவனும் இன்றைய விலைக்குத்தான் அரிசி வாங்குகிறான், அவனுக்கும் இன்றைய கூலி வேண்டும். ஆகவே மற்றப் பொருட்களோடு ஒப்பிடும்போது நாடகத்தின் செலவு வருசா வருசம் ஏறும். அந்த ஏற்றத்தை டிக்கட்டில் போட்டால் பணக்காரர் மட்டும் பார்ப்பார்கள். போடாவிட்டால் நடிகன் சவூதிக்குப் போய்விடுவான்.

இதையெல்லாம் கேட்டு அவள் கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஒரு இடத்தில் நிறுத்தினாள்.

"மாமா, இதில ஒரு வீடு மட்டும் ரூபா 200 குடுத்திருக்கு."

"ஓம். அந்த வீட்டு மூத்தவர்தான் அந்தக் கூத்தில ராசா."

"நல்லா ஆடுவாரோ?"

"அம்மப்பா சொல்லுவார், கால் தாளத்தில நிற்காது எண்டு."

ஊர்க் கூத்தைப் பற்றிப் பேசும்போது நாம் மறைக்கிற பக்கம் இது. எல்லோரும் சேர்ந்து போட்டது உண்மை. எல்லோரும் சமமாக நின்று ஆடினார்கள் என்பது உண்மை இல்லை. கூடக் கொடுத்தவன் கிரீடம் கேட்டான். எந்தக் குடிக்கு எந்த வேடம், யார் மேளம் அடிப்பது என்பதிலெல்லாம் சாதி இருந்தது. பெண் பாத்திரத்தையும் ஆண்தான் ஆடினான். மட்டக்களப்புச் சீலாமுனையில் நாடக ஆய்வாளர் சி. ஜெயசங்கரும் ஊர்க் கூத்தர்களும் சேர்ந்து நடத்திய கூத்து மீளுருவாக்கம் இந்த இடத்தைத்தான் தொட்டது. கூத்தைக் கூத்தாகவே வைத்துக்கொண்டு, அதற்குள் பெண்களும் ஒடுக்கப்பட்டவர்களும் எப்படிக் காட்டப்படுகிறார்கள் என்று ஊரோடு உட்கார்ந்து பேசித் திருத்தினார்கள்.

காசு கொடுப்பவன் கிரீடம் கேட்கும் பிரச்சினை அரசு காசு கொடுத்தாலும் போகாது. வேடம் மாறும், அவ்வளவுதான். அதற்குப் பிரித்தானியர் 1946இல் கலைக் கழகம் ஒன்றை அமைத்து ஒரு வழி கண்டார்கள். அரசு பணத்தை மொத்தமாக அந்தக் கழகத்திடம் கொடுத்துவிட்டு ஒரு கை தள்ளி நிற்கும், எந்த அரங்குக்கு எவ்வளவு என்பதைக் கழகம் தீர்மானிக்கும். பொருளியலாளர் கெயின்ஸ் இதற்கு முன்னின்றவர். ஜேர்மன் நகர அரங்குகளில் தலைவரைச் சில வருச ஒப்பந்தத்துக்கு எடுப்பார்கள். அந்தக் காலத்தில் என்ன நாடகம் என்பது அவர் முடிவு, பிடிக்காவிட்டால் ஒப்பந்தத்தை நீட்டமாட்டார்கள். எந்த ஏற்பாட்டிலும் ஓட்டை இருக்கும். ஆனாலும் மேயர் வந்து மாலை போட்டுக்கொண்டு தன் மகனுக்கு ராசா வேடம் கேட்க முடியாமல் ஒரு வேலியாவது வேண்டும். எங்கள் நாட்டில் காலனி அரசு 1912இல் கொண்டுவந்த சட்டத்தின் கீழ் நாடகப் பிரதியை முதலில் காட்டி அனுமதி எடுக்கும் வழக்கம் சுதந்திரத்துக்குப் பிறகும் நெடுங்காலம் தொடர்ந்தது. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த நமக்கு இந்த வேலி கூடுதலாகவே வேண்டும்.

இலங்கையில் பொதுப் பணம் தமிழ் நாடகத்துக்கு வரவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1952இல் இலங்கைக் கலைக் கழகம் வந்தது. 1956இலிருந்து அதன் தமிழ் நாடகக் குழுவுக்குப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் தலைமை தாங்கினார். மட்டக்களப்பு அண்ணாவிமாரைத் தேடி வந்தார், போட்டிகள் வைத்தார், கூத்துப் பிரதிகளை அச்சேற்றினார். பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 1960களில் கர்ணன் போர், இராவணேசன் போன்றவற்றை மேடையேற்றினார். இராவணனாக ஆடிய மட்டக்களப்பு மாணவர்தான் பிறகு பேராசிரியராகி இந்தக் கூத்து மரபையே ஆராய்ந்த சி. மௌனகுரு. படித்தவர்கள் கூத்தைத் திரும்பிப் பார்த்தது அந்த மேடைகளால்தான். ஆனால் விடிய விடிய ஆடியது ஒன்றரை மணித்தியாலமாகச் சுருங்கியது. சுற்றிவர ஆள் இருந்து பார்த்த வட்டக்களரி, ஒரு பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடையாக மாறியது. நல்லதா கெட்டதா என்று இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். பொதுப் பணம் வரும்போது அது தன் கட்டடத்தின் வடிவத்தையும் கூடக் கொண்டுவரும் என்பது மட்டும் எனக்கு நிச்சயம். மட்டக்களப்பில் யாராவது நகர அரங்கு கட்டப் படம் கீறினால், நடுவில் ஒரு களரி கேட்டு நான் மனுக் கொடுப்பேன்.

ஆட்களுக்குப் பஞ்சமில்லை. கல்லடியில் 1982இல் இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கியது இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம். அங்கே நாடகத்தில் பட்டம் எடுத்து வருசா வருசம் பிள்ளைகள் வெளியே வருகிறார்கள். பெயருக்குரிய விபுலாநந்த அடிகள் அம்பாறை மாவட்டத்துக் காரைதீவுக்காரர். சேக்ஸ்பியரின் நாடகங்களை எடுத்துத் தமிழ் நாடக இலக்கணத்தோடு வைத்துப் பேசும் மதங்க சூளாமணியை அவர் 1926இலேயே வெளியிட்டார். படித்து வருகிற பிள்ளைகளில் பலர் ஆசிரியர் வேலைக்குப் போகிறார்கள். சிலர் தொண்டு நிறுவனத் திட்டங்களில் டெங்கு பற்றியும் கைகழுவுவது பற்றியும் வீதி நாடகம் போடுகிறார்கள். தேவையான வேலைதான். ஆனால் திட்ட அறிக்கை அனுப்பிய நாளோடு அந்தக் குழு கலைந்துவிடும், அடுத்த திட்டத்துக்கு வேறு குழு. நகர அரங்கு என்பது இந்தக் கலைதல் நடக்காமல் பிடித்துவைக்கிற ஏற்பாடு என்று ஒரே வரியில் எழுதிக்கொள் என்றேன். எழுதிக்கொண்டாள்.

தேத்தண்ணிக் கடையில் இதைப் பேசினால் ஒரு அண்ணர் தவறாமல் கேட்பார்: "முதல்ல கானை வெட்டட்டும் தம்பி, மழைக்கு வீட்டுக்குள்ள தண்ணி வருது. பிறகு நாடகம் போடுவம்." நியாயமான கோபம். நானும் மார்கழியில் முழங்கால் தண்ணியில் நடந்தவன்தான். ஆனால் கான் வெட்டி முடியட்டும் என்று நாம் நூலகத்தைப் பூட்டி வைக்கவில்லை, பூங்காவையும் பூட்டவில்லை. நூலகரின் சம்பளம் யாருக்கும் உறுத்துவதில்லை, நடிகருக்குச் சம்பளம் என்றதும் உறுத்துகிறது. நாடகத்தைத் திருவிழாச் செலவாகவே பார்த்துப் பழகிவிட்டோம்.

இன்னொன்று, சோலைவரி எல்லோரும் கட்டுகிறார்கள். கல்முனையில் ஒரு நகர அரங்கு வந்தால் அது தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் சேர்த்துத்தான். வடமோடிக்கு இடமிருக்கிற இடத்தில் முஸ்லிம்களின் கோலாட்டமான பொல்லடிக்கும் இடம் வேண்டும், நோன்பு மாதம் பார்த்து நிரல் போட வேண்டும். அம்பாறை நகரமென்றால் சிங்கள நாடகமும். ஊர்க் கூத்து தன் ஊருக்கு மட்டும் பதில் சொன்னால் போதும், நகர அரங்கால் அப்படித் தப்ப முடியாது. அதனால்தான் அதன் வேலை கஷ்டம்.

இருட்டிவிட்டது. அவள் கொப்பியின் கடைசிப் பக்கத்தைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்தாள். செலவெல்லாம் கழித்து மீதி ரூபா 7.50, "மத்தளத் தோலுக்கு வைச்சது" என்று அம்மப்பா எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார், கீழே வேறு இரண்டு பேரின் கையெழுத்தும். பிறகு முன்பக்கத்துக்குத் திரும்பி விரலை ஒவ்வொரு வரியாக ஓட்டினாள். திருப்பிக் கொடுத்த பெற்றோமக்சுக்கு எதிரில் சரி போட்டிருந்தது, பாய்க்கும் போட்டிருந்தது.

"மாமா, அந்த ரெண்டு சாறிக்கும் சரி போடல்லயே?"

நானும் அன்றைக்குத்தான் கவனித்தேன்.